1991இல் முடிந்துபோகும் படம்

ஏ. எல். விஜய் இயக்கிய ‘தலைவி’ 1989 மார்ச் 25ஆம் நாள் தமிழ்நாடு சட்டமன்றத்தில் தொடங்குகிறது. எதிர்க்கட்சித் தலைவியின் சேலை இழுக்கப்படுகிறது. இனி முதலமைச்சராகத்தான் இந்த மன்றத்துக்குள் வருவேன் என்று சபதம் எடுத்துவிட்டு அவர் வெளியேறுகிறார். பிறகு கதை பின்னோக்கிப் போய், விருப்பமில்லாமல் சினிமாவுக்கு வந்த ஒரு பெண், எம்.ஜி.ஆர் என்ற நட்சத்திரம், அவர்களுக்கிடையே சொல்லியும் சொல்லாமலும் வளர்ந்த உறவு, கட்சிக்குள் நடந்த சதிகள் என்று சுற்றி வந்து, 1991 ஜூனில் பதவியேற்பில் முடிகிறது. சபதம் நிறைவேறுகிறது, விளக்குகள் எரிகின்றன.

ஜெயலலிதா அரசியலுக்கு வந்தது 1982இல். இறந்தது 2016 டிசம்பர் 5. முப்பத்துநான்கு ஆண்டுகளில் முதல் ஒன்பதை மட்டும் எடுத்துக்கொண்டு, மிச்சம் இருபத்தைந்தையும் படம் விட்டுவிடுகிறது. அந்த இருபத்தைந்து ஆண்டுகளில்தான் அவர் ஆறு தடவை முதலமைச்சராகப் பதவிப்பிரமாணம் செய்தார். இரண்டு தடவை நீதிமன்றத் தீர்ப்பால் பதவி இழந்தார். இரண்டு தடவை சிறைக்குப் போனார். இரண்டு தடவையும் திரும்பி வந்து ஆண்டார். இந்தியாவில் பதவியில் இருக்கும்போதே ஊழல் வழக்கில் தண்டிக்கப்பட்டுப் பதவி பறிபோன முதல் முதலமைச்சர் அவர். ஒரு திரைக்கதாசிரியர் தவமிருந்தாலும் கிடைக்காத கதை இது. அதை வேண்டாம் என்று தள்ளிவிட்டு, எல்லோருக்கும் ஏற்கெனவே தெரிந்த சினிமாக் கிசுகிசுவை எடுத்துக்கொண்டிருக்கிறார்கள்.

துதிபாடும் படம் என்பது என் குறை அல்ல. துதிபாடும் வாழ்க்கை வரலாறுகள் தமிழுக்குப் புதியவை இல்லை. மெய்க்கீர்த்தி பாடிப் பழகிய மொழிதானே. என் கேள்வி வேறு. ஒரு மனிதரின் வாழ்க்கையில் எது கதை, எது கதை இல்லை என்று யார், எதை வைத்து முடிவு செய்கிறார்கள்?

‘தலைவி’ தனியாக இல்லை. 2019இல் கௌதம் வாசுதேவ் மேனனும் பிரசாத் முருகேசனும் இயக்கிய ‘குயின்’ இணையத் தொடர், பெயர்களை மாற்றி, இதே வாழ்க்கையைப் பதினொரு அத்தியாயங்களில் சொன்னது. ரம்யா கிருஷ்ணன் நடித்த சக்தி சேஷாத்ரி ஒரு தொலைக்காட்சிப் பேட்டியில் உட்கார்ந்து தன் கதையைத் தானே சொல்கிறார். ‘தலைவி’யைவிட நுட்பமான தொடர் அது. குறிப்பாகப் பள்ளிக்கூடப் பகுதி: நன்றாகப் படிக்கிற ஒரு பிள்ளையின் மேசையிலிருந்து புத்தகங்களை ஒவ்வொன்றாக எடுத்துவிடுகிற வறுமை அதில் சரியாகப் பதிவாகியிருந்தது. ஆனால் பேட்டி என்ற சட்டகத்தைத் தேர்ந்துகொண்ட உடனேயே ஒன்று தீர்மானமாகிவிடுகிறது. பேட்டியில் கேள்வி கேட்பவர் குறுக்கு விசாரணை செய்வதில்லை. சொல்பவர் சொல்வதே கதை. இவற்றுக்கெல்லாம் முன்னால், 1997இல் வந்த மணிரத்னத்தின் ‘இருவர்’ படத்தில் ஐஸ்வர்யா ராய் நடித்த கல்பனா ஒரு விபத்தில் செத்தே போகிறாள். மூன்று படைப்புகளும் ஏதோ ஓர் இடத்தில் அந்தப் பெண்ணை நிறுத்திவிடுகின்றன. அதிகாரம் கையில் வந்த பிறகு அவர் என்ன செய்தார் என்ற இடத்துக்கு யாரும் வருவதில்லை.

‘தலைவி’யை வீட்டில் பார்த்து முடித்தபோது, இங்கே பிறந்து வளர்ந்த என் அக்காவின் மகள் கேட்டாள்: “மாமா, இவ ஜெயிலுக்குப் போனவதானே? அது எங்க?” அவளுக்குத் தமிழ்நாட்டு அரசியல் தெரியாது. அவள் தேடல்பொறியில் இரண்டு நிமிடம் வாசித்திருந்தாள், அவ்வளவுதான். அந்த இரண்டு நிமிடத்தில் கிடைத்தது, இரண்டரை மணிநேரப் படத்தில் இல்லை. வெளிநாடுகளில் வளரும் எங்கள் பிள்ளைகளில் பலர் தமிழ் அரசியலை இனி இப்படித்தான் அறியப்போகிறார்கள், தளங்களில் வரும் படங்கள் வழியாக. அதனால் இந்த விடுபடல் எனக்குச் சின்ன விஷயமாகத் தெரியவில்லை.

விடுபட்டது என்ன என்று கொஞ்சம் பார்ப்போம்.

1991க்கும் 1996க்கும் இடையில் அவர் மாதம் ஒரு ரூபாய் சம்பளம் வாங்கினார். 1995 செப்டம்பரில் வளர்ப்பு மகன் சுதாகரனின் திருமணம் சென்னையில் நடந்தது. அடுத்த ஆண்டுத் தேர்தலில் கட்சி நொறுங்கியது. பர்கூர் தொகுதியில் அவரே தோற்றார். 1996 டிசம்பர் 7 அன்று, கிராமங்களுக்கு வண்ணத் தொலைக்காட்சிப் பெட்டி வாங்கிய வழக்கில் கைதானார். போயஸ் தோட்டத்து வேதா நிலையம் சோதனையிடப்பட்டது. பத்தாயிரத்துக்கு மேற்பட்ட சேலைகள், எழுநூற்றைம்பது சோடி செருப்புகள் என்று பட்டியல் ஊரெங்கும் பரவியது. தொலைக்காட்சி அந்தப் படங்களைத் திரும்பத் திரும்பக் காட்டியது.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லாமல் போக முடியாது. ஆண் அரசியல்வாதிகளின் வேட்டிகளை யாரும் எண்ணிக் காட்டியதில்லை. சேலையும் செருப்பும் ஒரு பெண்ணின் பேராசைக்கான படிமமாக மக்கள் மனதில் பதிந்தன. ஆனால் அரசுத் தரப்பு குற்றம் சாட்டிய 66.65 கோடி ரூபாய்க் கணக்கில் உடுப்புகளின் பங்கு மிகச் சிறியது. பெரிய பகுதி நிலமும் கட்டடமும். ஏறக்குறைய 3000 ஏக்கர். அவற்றை வைத்திருந்த பல நிறுவனங்களில் பத்து, ஒரே நாளில் பதிவானவை. பத்திரப் பதிவு அலுவலகத்துத் தாள்கள் திரையில் அழகாக இராது, சேலை அழகாக இருக்கும் என்பதால் கதை அந்தப் பக்கம் போய்விட்டது. ஜெயலலிதாவுக்குப் பரிந்து ஒரு படம் எடுக்க விரும்பியவர்கள்கூட இங்கிருந்து தொடங்கியிருக்கலாம். அந்தப் பரிவுக்கு ஒரு நியாயம் இருந்திருக்கும்.

பிறகு டான்சி வழக்கு. கிண்டியில் இருந்த, தமிழ்நாடு சிறுதொழில் கழகத்துக்குச் சொந்தமான நிலத்தை, முதலமைச்சராக இருந்தபோது அவர் பங்குதாரராக இருந்த நிறுவனம் வாங்கியது. 2000 அக்டோபரில் மூன்றாண்டுத் தண்டனை. அதே ஆண்டு பிப்ரவரி 2 அன்று, கொடைக்கானல் விடுதி வழக்கில் தீர்ப்பு வந்த நாளில், தருமபுரிக்கு அருகே கட்சிக்காரர்கள் ஒரு பேருந்துக்குத் தீ வைத்தார்கள். கோயம்புத்தூர் வேளாண்மைப் பல்கலைக்கழக மாணவிகள் மூவர் அதற்குள்ளேயே இறந்தார்கள். தூக்குத் தண்டனை பெற்ற மூன்று பேருக்கு உச்ச நீதிமன்றம் 2016இல் அதை ஆயுள் தண்டனையாகக் குறைத்தது. 2018இல், எம்.ஜி.ஆர் நூற்றாண்டை ஒட்டி, அ.தி.மு.க அரசு அவர்களை விடுதலை செய்தது. ஒரு தலைவரின் மேல் உள்ள ‘பாசம்’ எப்படிப்பட்டது என்று காட்ட இதைவிட வேறு காட்சி வேண்டாம். எந்தப் படத்திலும் அது இல்லை.

2001 தேர்தலில் நான்கு தொகுதிகளில் மனுப்போட்டார். நான்கும் தள்ளுபடி. கட்சி வென்றது. சட்டமன்ற உறுப்பினராகக்கூட ஆக முடியாத ஒருவருக்கு ஆளுநர் பாத்திமா பீவி முதலமைச்சர் பதவிப்பிரமாணம் செய்துவைத்தார். அவரே உச்ச நீதிமன்றத்தின் முதல் பெண் நீதிபதியாக இருந்தவர் என்பதை ஒரு நாவலாசிரியர் கற்பனை செய்திருந்தால் நம்பமாட்டோம். நான்கு மாதம் கழித்து, செப்டம்பர் 21 அன்று, உச்ச நீதிமன்றம் அந்த நியமனம் செல்லாது என்றது. மக்கள் வாக்களித்தார்கள் என்பது அரசியலமைப்பைத் தாண்டிப் போவதற்கான அனுமதி ஆகாது என்பது தீர்ப்பின் சாரம். பன்னீர்செல்வம் என்ற பெயரைத் தமிழ்நாடே அப்போதுதான் சரியாகக் கேள்விப்பட்டது.

டான்சி வழக்கில் உயர் நீதிமன்றம் அவரை விடுவித்தது. 2003 நவம்பரில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. ஆனால் அந்தத் தீர்ப்பு விசித்திரமானது. அரசுச் சொத்தை அமைச்சர்கள் வாங்கக்கூடாது என்ற நடத்தை விதிக்குச் சட்ட வலு இல்லை என்பதால் தண்டிக்க முடியாது. ஆனாலும் மனச்சாட்சிக்குப் பதில் சொல்லி நிலத்தைத் திருப்பிக் கொடுத்துப் பிராயச்சித்தம் செய்யவேண்டும் என்றார்கள் நீதிபதிகள். ஆவணங்களில் இருந்த தன் கையெழுத்தையே தன்னுடையது இல்லை என்று அவர் மறுத்ததையும் கண்டித்தார்கள். சட்டம் முடிகிற இடத்தில் மனச்சாட்சி என்ற சொல் வருகிறது. இலக்கியத்தில் இருக்கவேண்டிய சொல் அது. இலக்கியமும் சினிமாவும் பேசாமல் இருந்ததால் நீதிமன்றம் அதைச் சொல்லவேண்டி வந்தது போலிருக்கிறது.

அதே 2003 நவம்பரில்தான், சொத்துக் குவிப்பு வழக்கை உச்ச நீதிமன்றம் சென்னையிலிருந்து பெங்களூருக்கு மாற்றியது. கேட்டவர் தி.மு.க பொதுச்செயலாளர் க. அன்பழகன். காரணம் எளியது. 2001இல் அவர் ஆட்சிக்கு வந்த பிறகு, ஏற்கெனவே சாட்சி சொல்லி முடித்த 76 பேர் திரும்ப அழைக்கப்பட்டார்கள். அவர்களில் 64 பேர் முன்பு சொன்னதை மாற்றிச் சொன்னார்கள். அரசு வழக்கறிஞர் அவர்களிடம் ஏன் என்று ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை.

அந்த 64 பேரைப் பற்றி அடிக்கடி யோசிக்கிறேன். இப்படி ஒரு வழக்கில் சாட்சிக் கூண்டில் ஏறுபவர்கள் பெரும்பாலும் நிலத்தை விற்றவர்கள், கணக்கு எழுதியவர்கள், வேலைக்குக் கூலி வாங்கியவர்கள், அலுவலகங்களில் இருந்த சிறு அதிகாரிகள். ஒரு தடவை ஏறி ஒன்றைச் சொல்லியிருக்கிறார்கள். அரசு மாறியது. மறுபடி அழைப்பு வந்தது. அன்று காலை வீட்டிலிருந்து புறப்படும்போது என்ன பேசியிருப்பார்கள்? அசோகமித்திரன் உயிரோடு இருந்திருந்தால் அவர்களில் ஒருவரை எடுத்து இருபது பக்கத்தில் ஒரு கதை எழுதியிருப்பார், முதலமைச்சரின் பெயரைக்கூடச் சொல்லாமல். நமக்குக் கிடைத்தது கங்கனா ரனாவத்.

2014 செப்டம்பர் 27 அன்று, பரப்பன அக்ரகாரா சிறை வளாகத்தில் கூடிய தனி நீதிமன்றத்தில், நீதிபதி ஜான் மைக்கேல் டி’குன்ஹா நான்காண்டுச் சிறையும் 100 கோடி ரூபாய் அபராதமும் விதித்தார். தீர்ப்பு ஆயிரம் பக்கத்தைத் தாண்டும். சட்டம் படிக்காதவன் என்ற நிலையில், ஒரு நீண்ட உரைநடைப் படைப்பை அணுகுவதுபோலத்தான் அதை அணுகினேன். முதல் நூறு பக்கம் கடினம். அதன் பிறகு ஏதோ ஒன்று பிடித்துக்கொள்கிறது. 1991 ஜூலை 1 முதல் 1996 ஏப்ரல் 30 வரை என்று ஒரு காலத்தை வரைந்துகொண்டு, அந்த ஐந்து ஆண்டுகளில் ஒரு வீட்டுக்குள் என்ன வந்தது, என்ன போனது என்று காசு காசாக எண்ணுகிறது அது. தொடக்கத்தில் 2.01 கோடி இருந்தது. முடிவில் வருமானத்துக்கு மேல் 53.60 கோடி இருந்தது. இடையில் உள்ளதெல்லாம் விளக்கங்களும் அந்த விளக்கங்களின் மேல் வைக்கப்பட்ட கேள்விகளும். ‘நமது எம்.ஜி.ஆர்’ நாளிதழுக்குச் சந்தாதாரர்கள் வைப்புத்தொகையாகக் கட்டியது என்று பல கோடி; பிறந்தநாள் பரிசு என்று 2.15 கோடி, வெளிநாட்டிலிருந்து யாரோ அனுப்பியது என்று 77,52,591 ரூபாய். புலம்பெயர்ந்த வாசகர்கள் இந்தக் கடைசித் தொகையில் ஒரு கணம் நிற்கலாம். எங்கள் ஊர்களில் இருந்தும் தலைவர்களுக்குப் பணம் போயிருக்கிறது. ரசீது கேட்டவர்கள் குறைவு.

இங்கேதான் அந்தத் திராட்சைத் தோட்டம் வருகிறது. ஹைதராபாத்துக்கு அருகே ஜீடிமெட்லாவில் ஜெயலலிதாவுக்கும் அவர் தாய் சந்தியாவுக்கும் சினிமா நாட்களிலிருந்தே ஒரு தோட்டம் இருந்தது. ஐந்து ஆண்டுகளில் விவசாய வருமானம் 52,50,000 ரூபாய் என்றது எதிர்த்தரப்பு. லஞ்ச ஒழிப்புத்துறை 5,78,340 என்றது. டி’குன்ஹா இரண்டையும் ஏற்காமல் 10 லட்சம் என்று வைத்தார். மேல்முறையீட்டில், 2015 மே 11 அன்று, கர்நாடக உயர் நீதிமன்ற நீதிபதி குமாரசாமி அதே தோட்டத்துக்கு 46,71,600 ரூபாய் கொடுத்தார். திருமணச் செலவும் அப்படித்தான். அரசுத் தரப்புக்கு அது 6.45 கோடி. டி’குன்ஹாவுக்கு 3 கோடி. குமாரசாமிக்கு 28,68,000 ரூபாய். ஒரே பந்தல், ஒரே ஊர்வலம், ஒரே சாப்பாடு. ஒரே நிகழ்வை மூன்று பேர் மூன்றாகச் சொல்வதைப் பின்நவீனத்துவம் என்று எண்பதுகளின் கடைசியில் எங்கள் சிறுபத்திரிகைகள் பக்கம் பக்கமாக விளக்கின. இங்கே அது இரசீதுகளோடு கிடக்கிறது.

குமாரசாமியின் தீர்ப்பில் வருமானத்தை மிஞ்சிய சொத்து 8.12 விழுக்காடுதான் என்று வந்தது. பத்து விழுக்காட்டுக்குள் இருந்தால் விட்டுவிடலாம் என்று பழைய தீர்ப்பு ஒன்று உண்டு. எனவே நால்வரும் விடுதலை. ஆனால் அதே தீர்ப்பில் வங்கிக் கடன்களின் அட்டவணை ஒன்று இருக்கிறது. கூட்டுத்தொகை 24,17,31,274 என்று போட்டிருக்கிறது. பத்தாம் வகுப்புப் பிள்ளை கூட்டினால் 10,67,31,274 வரும். பதின்மூன்றரைக் கோடி அந்தக் கூட்டலில் பிறந்தது. சரியாகக் கூட்டினால் 8.12 விழுக்காடு 76ஐத் தாண்டிவிடும். இந்த அட்டவணை வெளியாகி இரண்டு வாரத்துக்குள், மே 23 அன்று, அவர் மறுபடி முதலமைச்சர்.

இவ்வளவும் தெரிந்துதான் மக்கள் வாக்களித்தார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லவேண்டும். 2016 தேர்தலில், 1984க்குப் பிறகு முதல்தடவையாக, ஆளுங்கட்சி ஒன்று தமிழ்நாட்டில் தொடர்ந்து இரண்டாவது தடவை வென்றது. வாக்களித்தவர்களை ஏமாளிகள் என்று சொல்வது சோம்பேறித்தனம். 1992இல் தொடங்கிய தொட்டில் குழந்தைத் திட்டம், மகளிர் காவல் நிலையங்கள், பிறகு வந்த மலிவு விலை அம்மா உணவகங்கள், இவற்றை எடைபோட்டுத்தான் வாக்களித்தார்கள். எல்லாரும் எடுக்கிறார்கள், இவர் எங்களுக்கும் கொடுக்கிறார் என்ற கணக்கு அதில் இருந்தது. எதிர்க்கட்சியையும் அவர்கள் பார்த்திருக்கிறார்கள். அந்தக் கணக்கு எனக்கு உவப்பாக இல்லை. ஆனால் அது ஒரு கணக்கு, பக்தி மட்டும் இல்லை. படம்தான் மக்களைப் பக்தர்களாக மட்டும் காட்டுகிறது. குறைகளைச் சொன்னால் தாங்கமாட்டார்கள் என்று நினைக்கிறது. அவர்கள் குறைகளைத் தெரிந்துகொண்டே வரிசையில் நின்றவர்கள்.

படைப்பாளிகள் ஏன் இந்தப் பக்கம் வரவில்லை என்று கேட்டால் வழக்கமாக வரும் பதில், பயம். பயத்துக்குக் காரணம் இருந்தது, மறுக்கவில்லை. வாஸந்தி எழுதிய வாழ்க்கை வரலாறு 2011இல் நீதிமன்றத் தடையால் வெளிவராமல் நின்றது. வேறொரு நூலாக அவர் எழுதியது 2016இல்தான் வந்தது. 2011க்கும் 2016க்கும் இடையில் அவர் அரசு தொடுத்த அவதூறு வழக்குகள் இருநூற்றுக்கு மேல். கட்சிக்காரர்கள், பத்திரிகைகள், விமர்சித்தவர்கள் என்று யாரும் தப்பவில்லை. ஆனால் ‘தலைவி’ வந்தது 2021 செப்டம்பரில். அவர் இறந்து ஐந்து ஆண்டுகள் ஆகப்போகின்றன. அப்போது கட்சியும் ஆட்சியில் இல்லை.

சட்டத்தைப் பற்றிய பயம் என்றால், அதற்கான பதில் ஜெயலலிதாவின் முதல் ஆட்சியிலேயே வந்துவிட்டது. தூக்குத் தண்டனைக் கைதியாக இருந்த ஆட்டோ சங்கரின் வாழ்க்கைக் கதையை ‘நக்கீரன்’ வெளியிட முயன்றபோது சிறைத்துறை அதிகாரிகள் மிரட்டினார்கள். ஆசிரியர் கோபால் உச்ச நீதிமன்றம் போனார். 1994 அக்டோபரில் நீதிபதி ஜீவன் ரெட்டி எழுதிய தீர்ப்பு, இந்தியாவில் வாழ்க்கை வரலாறு எழுதும் எவருக்கும் இன்றுவரை அடிப்படை. ஒருவரின் குடும்பம், திருமணம், தாய்மை போன்ற அந்தரங்கங்களை அவர் அனுமதி இல்லாமல் எழுதுவது தவறாகலாம். ஆனால் நீதிமன்ற ஆவணங்கள் உட்படப் பொது ஆவணங்களில் பதிவான எதையும், யாருடைய அனுமதியும் இல்லாமல், எவரும் எழுதலாம்.

இதை ‘தலைவி’க்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். படம் எதைக் காட்டியது? ஒரு ஆணும் பெண்ணும் தனியறையில் என்ன பேசினார்கள், யார் யாருக்காக ஏங்கினார்கள், அவர் வீட்டாரோடு என்ன மனக்கசப்பு. பார்த்தவர் யாரும் இல்லாத, ஆவணமும் இல்லாத, சட்டத்தின் பார்வையில் மிகவும் ஆபத்தான பகுதி. அதற்காகத்தான் அவருடைய அண்ணன் மகள் வழக்குப் போட்டார். சென்னை உயர் நீதிமன்றம் படத்துக்குத் தடை விதிக்க மறுத்தது. படம் எதை விட்டது? சாட்சிகள் சொன்னது, நீதிபதிகள் எழுதியது, சட்டம் முழுதாகப் பாதுகாக்கும் பகுதி. ஆபத்தானதில் துணிச்சலாகவும் பாதுகாப்பானதில் கோழையாகவும் இருந்திருக்கிறார்கள். ஆகவே சட்டத்துக்குப் பயந்தார்கள் என்பதை நான் ஏற்கமாட்டேன். அந்தரங்கத்தைக் கற்பனை செய்தால் தலைவி இன்னும் பெரியவராகிறார். கணக்கைச் சொன்னால் மனுஷியாகிவிடுகிறார். மனுஷியாகிவிட்டால் பிறகு அவரை வைத்து வாக்குக் கேட்கவோ, சீட்டு விற்கவோ முடியாது.

எங்கள் பங்கும் இதில் உண்டு. 2002இல் இதே ஜெயலலிதாவின் சட்டமன்றம்தான் பிரபாகரனைப் பிடித்து இந்தியாவுக்குக் கொண்டுவரவேண்டும் என்று தீர்மானம் போட்டது. 2011இல் இலங்கைமேல் பொருளாதாரத் தடை கேட்டும், 2013இல் ஈழத்தமிழர்களிடையே பொதுவாக்கெடுப்புக் கேட்டும் அதே மன்றம் தீர்மானம் போட்டது. இரண்டாவதையும் மூன்றாவதையும் வைத்துக்கொண்டு ‘ஈழத்தாய்’ என்று சுவரொட்டி ஒட்டியவர்களோடு எங்களில் பலர் சேர்ந்து நின்றோம். முள்ளிவாய்க்காலுக்குப் பிறகு யாராவது ஒருவர் எங்களுக்காகப் பேசினால் போதும் என்ற நிலையில் நின்றவர்களைக் குற்றம் சொல்ல மனம் வரவில்லை. ஆனால் 2014 செப்டம்பரில், பன்னீர்செல்வம் அழுதுகொண்டே பதவியேற்றபோது, எங்கள் கூட்டங்களிலும் வானொலிகளிலும் ‘சதி’ என்ற சொல்தான் அதிகம் கேட்டது. தீர்ப்பை வாசித்துவிட்டுச் சொன்னவர்கள் எத்தனை பேர்? படம் செய்த வேலையை நாங்கள் படத்துக்கு ஏழு ஆண்டுகள் முன்பே எங்களுக்குள் செய்துகொண்டோம்.

முடிவு எப்படி என்று தெரியாதவர்களுக்காக. 2017 பிப்ரவரி 14 அன்று உச்ச நீதிமன்ற நீதிபதிகள் பினாகி சந்திர கோஷும் அமிதவ ராயும் குமாரசாமியின் தீர்ப்பை ரத்துசெய்து டி’குன்ஹாவின் தீர்ப்பைத் திரும்ப நிலைநிறுத்தினார்கள். மற்ற மூவரும் போயஸ் தோட்டத்து வீட்டில் தங்கவைக்கப்பட்டது மனிதாபிமானத்தால் இல்லை, சொத்துகளை வைத்திருப்பதற்கான கூட்டுச்சதியால் என்று எழுதினார்கள். முதல் எதிரி இறந்துவிட்டதால் அவர்மீதான மேல்முறையீடு அற்றுப்போனது. சசிகலா, இளவரசி, சுதாகரன் மூவரும் பரப்பன அக்ரகாராவுக்குப் போனார்கள். யாருக்காகச் சொத்துச் சேர்க்கப்பட்டது என்று ஐந்நூற்றுச் சொச்சம் பக்கத்தில் விளக்கப்பட்டதோ அவர் மட்டும் சட்டத்தின் கணக்கில் தண்டனைக்கு வெளியே நின்றார். 2021 ஜனவரி 27 அன்று மெரினாவில் அவருடைய நினைவிடத்தை எடப்பாடி பழனிசாமி திறந்துவைத்தார். அதே நாள் பெங்களூரில் சசிகலா தண்டனை முடிந்து விடுதலையானார். எட்டு மாதம் கழித்து ‘தலைவி’ வந்தது. அந்த நாளின் இரண்டு ஊர்களையும் மாற்றி மாற்றிக் காட்டினாலே ஒரு படத்தின் தொடக்கம் கிடைத்திருக்கும்.

இங்கே வளர்ந்து, தமிழிலோ ஆங்கிலத்திலோ எழுதவும் படம் எடுக்கவும் தொடங்கியிருக்கிற இளையவர்கள் பலர் இந்த இதழை வாசிக்கிறீர்கள். அவர்களில் யாருக்காவது இந்தக் கதையில் கை வைக்கத் தோன்றினால், மூன்று தீர்ப்புகளும் இணையத்தில் இலவசமாகக் கிடக்கின்றன. முதல் பக்கத்திலிருந்து வாசிக்கவேண்டாம், களைத்துவிடுவீர்கள். ஜீடிமெட்லாத் திராட்சைத் தோட்டத்திலிருந்து தொடங்குங்கள்.